நன்னாரிப் பாட்டிலுக்கு மாயாஜாலக் கதை லேபிள்: அளவெடுப்பதில் இருந்து ஒட்டுவது வரை

அக்கா மகன் ஒரு மாயாஜாலத் தொடர்கதையில் மூழ்கிக் கிடந்தான். டிராகன், மலைக்கோட்டை, மந்திரம் சொல்லும் கிழவர், பாகம் பாகமாக ஓடும் கதை. அவன் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் காய்ச்சிய நன்னாரிப் பாகை ஆளுக்கொரு பாட்டிலில் கொடுக்கலாம், அந்தக் கதைச் சாயலில் லேபிள் ஒட்டலாம் என்று ஆரம்பித்தோம். முதல் அச்சில் பாதி வீணாய்ப் போனது. அதற்குப் பிறகு அவன் கூட்டாளிகள், தெருவில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று சிலர் இதே வேலையைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். படத்தை வரைந்து முடித்துவிட்டு அப்புறம் பாட்டிலைத் தேடுகிறார்கள்.

காய்ச்சுவது என்றதும் வேறு எதையும் நினைக்க வேண்டாம். வீட்டில் மது காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வதெல்லாம் நன்னாரிப் பாகு, இஞ்சிப் பாகு, எலுமிச்சைப் பாகு போன்றவற்றுக்கு.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. காலிப் பாட்டில் ஒன்று, ஸ்கேல், பென்சில், கட்டர், செலோடேப், நாலைந்து வெள்ளைத்தாள். கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இருந்தால் போதும், அது இலவசம். கையால் வரைகிறவர்கள் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம். கைபேசியில் மட்டும் செய்ய முடியாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடியும், ஆனால் அளவும் தமிழ் எழுத்தும் கடைசியில் காலை வாரும்.

1. முதலில் பாட்டிலை அளந்துகொள்ளுங்கள்

எந்தப் பாட்டில் என்று முடிவு செய்யாமல் எதையும் வரைய வேண்டாம். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய 20 பாட்டிலில் மூன்று ரகம் இருந்தால் மூன்று அளவு லேபிள் வேண்டியிருக்கும்.

அளக்க நூல் வேண்டாம். நூல் இழுத்தால் நீளும், அதிலேயே 3 மில்லிமீட்டர் போய்விடும். ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, முனை வந்து சேரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பட்டையை விரித்து ஸ்கேலில் அளந்தால் சுற்றளவு. 7.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள 750 மில்லி பாட்டிலுக்கு ஏறக்குறைய 23.6 சென்டிமீட்டர் வரும்.

இதை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்ல பாட்டில். 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது மேலோ கீழோ குறுகும் பாட்டில். நேராக வெட்டிய லேபிள் அதில் கோணலாக ஏறிக்கொண்டு போகும். வளைத்து வெட்டக் கணக்குப் போடுவதைவிட வேறு பாட்டில் வாங்குவது லாபம்.

உயரத்துக்கு, பாட்டிலின் தோள் வளையத் தொடங்கும் இடத்துக்கும் அடி வளையும் இடத்துக்கும் நடுவில் உள்ள நேரான பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். அதிலும் மேலே 5, கீழே 5 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். வளைவின் மேல் ஏறிய ஓரம்தான் முதலில் பிரியும்.

என் பாட்டிலுக்கு முடிவான அளவு: அகலம் 24.2, உயரம் 9 சென்டிமீட்டர். அகலத்தில் கூடுதலாக உள்ள 6 மில்லிமீட்டர், பின்னால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டுவதற்கு. இனி இதே அளவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். உங்கள் பாட்டிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

2. அடுத்தது சொற்கள்

படத்துக்கு முன்னால் லேபிளில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி முடியுங்கள். காரணம், சொல்லுக்கு இடம் தேவை. படத்தைச் சுருக்கலாம், நகர்த்தலாம். ‘திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்’ என்ற வரியைச் சுருக்கினால் யாரும் படிக்க முடியாது.

வேண்டியவை: பானத்தின் பெயர்; அது உண்மையில் என்ன என்று சொல்லும் ஒரு வரி; அதில் போட்டவை; கலக்கும் அளவு; காய்ச்சிய தேதி; எவ்வளவு நாளைக்குள் தீர்க்க வேண்டும்; அளவு மில்லியில். கலக்கும் அளவை ஊகித்து எழுதாதீர்கள். ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு தண்ணீரா ஆறு பங்கா என்பதை உங்கள் பாகைக் கலந்து குடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அச்சடித்த பிறகு பாகு கெட்டியாகிப் போனால் இருபது வீட்டில் திகட்டும்.

தேதியை அச்சில் போட வேண்டாம். வெள்ளைக் கட்டம் ஒன்று விட்டுவிட்டு நிரந்தர மார்க்கரால் எழுதுங்கள். ஒரு முறை அச்சடித்தது அடுத்தடுத்த காய்ச்சலுக்கும் ஆகும்.

பெயரில்தான் முதல் சண்டை வரும். அக்கா மகனுக்குக் கதையில் வரும் மந்திரப் பானத்தின் பெயரே வேண்டும். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் ‘ஏழாம் வளைவு’ என்று வைத்தோம். லேபிளில் வரையப்போகும் ஆறு ஏழு முறை வளைகிறது, ஏழாவது வளைவில் ஒரு ரகசியம் இருக்கிறது, அவ்வளவுதான் கதை. பெயர் இரண்டு சொல்லுக்குள் இருந்தால் எழுத்தைப் பெரிதாகப் போடலாம். அதன் கீழே ‘வீட்டில் காய்ச்சிய நன்னாரிப் பாகு’ என்று தெளிவாக வந்துவிட வேண்டும். பெயரை மட்டும் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விட்ட ஒரு பாட்டிலை, எங்கள் தெருவில் ஒருவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று குளியலறையில் கொண்டுபோய் வைத்தார்.

3. கதையில் இருந்து எதை எடுப்பது, எதை விடுவது

கதைமாந்தரின் பெயர், அட்டையில் உள்ள எழுத்துவடிவம், சின்னம், ஓவியம் ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். ஓவியத்துக்கும் எழுத்துக்கும் காப்புரிமை உண்டு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டு அது நிற்கும். பெயரும் சின்னமும் பெரும்பாலும் வணிகக் குறியாகப் பதிவாகி இருக்கும். வீட்டுக்குள் கொடுக்கிற பாட்டிலைத் தேடி யாரும் வரப்போவதில்லை, சரி. ஆனால் கோப்பு வாட்சப்பில் போகும். வாங்கினவர் சித்திரைத் திருவிழாவில் கடை போட்டு விற்பார். அப்புறம் அது உங்கள் கையில் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம், நகல் எடுத்தால் லேபிள் மட்டமாகத் தெரியும். இணையத்தில் இருந்து இறக்கிய டிராகனைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவில் நிற்பவற்றைப் பத்து வரி எழுதுங்கள். ஆள் பெயர் வரக் கூடாது. இடம், வானிலை, வாசனை, பொருள், விலங்கு இவை மட்டும். மூடுபனி மூடிய காடு. முன்பக்கத்தில் மடித்து வைத்த வரைபடம். படிக்க முடியாத பழைய எழுத்து. புதையலைக் காக்கும் மிருகம். மருந்துக் குப்பிகள் அடுக்கிய கடை. இப்படி.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே நம் பக்கத்தில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மூடுபனிக் காட்டுக்கு முண்டந்துறைக் காடு. காவல் மிருகத்துக்கு நெல்லையப்பர் கோயில் தூணில் நிற்கும் யாளி. குப்பிக் கடைக்கு நாட்டு மருந்துக் கடை, நன்னாரி வேர் அங்கேதானே வாங்குகிறோம். வரைபடத்துக்குத் தாமிரபரணி.

பத்தையும் லேபிளில் போடக் கூடாது. இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. 9 சென்டிமீட்டர் உயரத்தில் அதற்கு மேல் போட்டால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். நான் எடுத்தவை வரைபடமும் மிருகமும் பழைய எழுத்தும்.

4. ஆற்றைப் பாட்டிலைச் சுற்றி ஓடவிடுவது

மாயாஜாலக் கதை என்றால் வரைபடம் இருக்கும். தாமிரபரணி மேற்கே பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் போல ஓடி, கிழக்கே புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. ஆகவே மலை லேபிளின் இடது ஓரம், கடல் வலது ஓரம். லேபிளைச் சுற்றி ஒட்டினால் பின்பக்கத்தில் கடலும் மலையும் முட்டிக்கொள்ளும். பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பினால் ஆறு முடிகிற இடத்தில் மறுபடி பிறக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே சுற்று லேபிளைத் தேர்ந்தெடுத்தேன்.

அளவு துல்லியம் வேண்டாம். கதைப் புத்தக வரைபடங்களும் அளவுக்கு வரைந்தவை அல்ல. ஆனால் வரிசையும் கரையும் தப்பக் கூடாது. முதல் ஒத்திகைத் தாளில் நான் அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் ஒரே கரையில் போட்டிருந்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறந்தது கல்லிடைக்குறிச்சி. “ஏலே, எங்க ஊர எப்பம்ல ஆத்தத் தாண்டிக் கொண்டுபோன?” என்று கேட்டாள். யாளி, மந்திர எழுத்து எதையும் அவள் பார்க்கவே இல்லை.

சரியான வரிசை இது. மேலே இருந்து பாபநாசம். சேர்வலாறு அங்கே மேலேயே வந்து சேர்ந்துவிடும். பிறகு அம்பாசமுத்திரம் வடகரை, கல்லிடைக்குறிச்சி தென்கரை. மணிமுத்தாறு தெற்கே இருந்து வரும். திருப்புடைமருதூரில் கடனாநதி வடக்கே இருந்து. பச்சையாறு தெற்கே இருந்து. அப்புறம் திருநெல்வேலி நகரம் ஒரு பக்கம், பாளையங்கோட்டை மறுபக்கம். சீவலப்பேரியில் சிற்றாறு வடக்கே இருந்து. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, கடல். இத்தனை பெயரையும் எழுதினால் லேபிள் பேருந்து நிலையப் பலகை ஆகிவிடும். ஆறேழு ஊர் போதும், மற்றதைக் கோடாக விட்டுவிடலாம்.

வரையும் வரிசையும் முக்கியம். முதலில் 24.2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒத்தைக் கோடாக ஆறு. அடுத்து இடது, வலது ஓரங்களில் கோடு ஒரே உயரத்தில் முடிகிறதா என்று பாருங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து 5 சென்டிமீட்டரில் ஆறு தொடங்கினால் வலது ஓரத்திலும் 5 சென்டிமீட்டரில்தான் முடிய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சேரும் இடத்தில் ஆறு படிக்கட்டு ஏறும். ஒட்டுவதற்கான அந்த 6 மில்லிமீட்டரை எந்த ஓரத்தில் வைப்பது என்பதை இப்போதே முடிவு செய்து, அங்கே கடலின் நிறத்தை மட்டும் நீட்டி விடுங்கள். எழுத்து எதுவும் அதில் வரக் கூடாது.

பாட்டிலை நேரே பார்த்தால் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குதான் வசதியாகக் கண்ணில் படும். இந்தப் பாட்டிலுக்கு 8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பானத்தின் பெயர் அந்த 8 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பாட்டில் லேபிள் என்பதை மறந்து, திரையில் தட்டையாகப் பார்த்துப் பெயரை 15 சென்டிமீட்டருக்கு இழுத்து வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பாட்டிலில் ஒட்டியதும் ‘ழாம் வளை’ என்று மட்டும் தெரியும்.

பெயரை நடுவில் வைத்தால் அது ஏறக்குறைய திருநெல்வேலிக்கு மேலே வந்து விழும். இடப்பக்கம் மலைக்கு மேலே கலக்கும் முறை, வலப்பக்கம் கடலுக்கு மேலே தேதிக் கட்டமும் மற்ற விவரமும்.

மிருகத்துக்கு வருவோம். யாளியை மலை ஓரத்திலும், யானைத் துதிக்கையும் மீன் உடலுமாக உள்ள மகரத்தைக் கடல் ஓரத்திலும் வைத்தேன். கோயிலில் நின்று பென்சிலால் வரைந்து வருவது நல்லது. படம் எடுப்பதாக இருந்தால் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிற்பத்தில் உள்ள எல்லா நகையையும் வரைய ஆசை வரும். லேபிளில் யாளி 2 சென்டிமீட்டர்தான். முப்பது கோட்டுக்கு மேல் போட்டால் அச்சில் கறுப்புத் திட்டாகிவிடும். கண், கோரைப்பல், பிடரி, தூக்கிய முன்கால் தெரிந்தால் போதும், அது யாளிதான்.

5. தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

அதிகம் பேர் பணம் இழப்பது இங்கேதான். எனக்கும் அதுதான் நடந்தது. கோப்பைத் திறந்த டிடிபி கடைத் தம்பி, “அண்ணாச்சி, பொதிகை வேற மாதிரில்லா நிக்கி” என்றார். ‘ப’ தனியாக நின்றது, பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பும் காலும். அவசரத்தில் நான் மற்ற பெயர்களைப் பார்க்காமல் அச்சுக்குச் சரி சொல்லிவிட்டேன். பொதிகையை மட்டும் திருத்தினோம், புன்னக்காயலும் கல்லிடைக்குறிச்சியும் வேறு எழுத்துருவில் வந்து நின்றன.

காரணம் எளிது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்கிறீர்கள். பல அச்சகங்களில் உள்ள பழைய மென்பொருளுக்கு யூனிகோடுத் தமிழில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிச் சேர்க்கத் தெரியாது. உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் அது வேறொன்றைப் போட்டுக்கொள்ளும்.

ஆகவே எழுத்து வேலை முழுவதும் முடிந்ததும், எழுத்துகளை வடிவமாக மாற்றுங்கள். அச்சகத்தில் ‘கர்வ் பண்ணுவது’ என்பார்கள். இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. மாற்றிய பிறகு திருத்த முடியாது, ஆகவே மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள். இரண்டாம் முறை காய்ச்சும்போது அது வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், அரிமா, கவிவனார், மீரா இனிமை, பவனம் எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்த உரிமம் உள்ளவை, அச்சில் பயன்படுத்தலாம். பெயருக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழங்காலத் தோற்றம் வேண்டும் என்று விவரத்துக்கும் அலங்கார எழுத்தைப் போடாதீர்கள். கலக்கும் முறையை ஆச்சி கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

தமிழ் எழுத்தின் அளவு 8 பாயின்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். ‘ண’, ‘ணை’, ‘இ’ போன்றவற்றின் சுழிகள் மை பரவி அடைத்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம், அங்கே 10 பாயின்டாவது வையுங்கள்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டுப் பரப்புவது ஆங்கிலத் தலைப்பில் அழகாக இருக்கும். தமிழில் செய்தால் கால் தனியே பிரிந்து ‘ர’ போல நிற்கும். தலைப்பைப் பெரிதாகக் காட்ட இடைவெளியைக் கூட்டாமல் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள்.

ஆற்றின் வளைவோடு ஊர்ப் பெயரை வளைத்து எழுதலாம். வளைவு மெதுவாக உள்ள இடத்தில் மட்டும். கூர்மையான திருப்பத்தில் எழுத்துகள் ஒரு பக்கம் விசிறியாக விரிந்து மறுபக்கம் இடித்துக்கொள்ளும்.

இனி அந்த மந்திர எழுத்து. கதைகளில் புரியாத லிபி ஒன்று வருமே, அதற்கு நாம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழை எழுதிய பழைய பிராமி எழுத்தான தமிழி இருக்கிறது. நோட்டோ சான்ஸ் பிராமி எழுத்துருவில் தமிழுக்கே உரிய ழ, ற, ன வடிவங்களும் உண்டு. ஓரத்தில் அலங்காரப் பட்டையாக ஒரு வரி தமிழியில் போட்டோம். ‘இதைப் படிப்பவனுக்கு இன்னொரு குவளை’ என்று. பிறந்தநாளன்று பிள்ளைகள் பாட்டிலும் கைபேசியுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். எத்தனையாவது முறை காய்ச்சியது என்பதற்குத் தமிழ் எண் போட்டோம். முதல் காய்ச்சல் ௧, இரண்டாவது ௨. தேதியில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், அது எல்லாருக்கும் சட்டென்று புரிய வேண்டும்.

6. நிறம்

பழைய தாள் போலப் பழுப்புப் பின்னணி போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நன்னாரிப் பாகும் பழுப்பு. பாட்டிலும் லேபிளும் ஒன்றாகிச் சேற்றுக் கட்டி போல இருக்கும். வெளிர் ஓலை நிறத்தில் பின்னணி, கரும்பச்சையில் கோடு, பெயருக்கும் மிருகத்தின் நாக்குக்கும் மட்டும் குங்குமச் சிவப்பு. இதற்கு மேல் நிறம் தேவைப்படவில்லை.

திரையில் பளீரென்று இருக்கும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், அச்சு மையால் அந்த ஒளியைக் காட்ட முடியாது. தங்க நிறம் கேட்டால் கடுகு மஞ்சள்தான் வரும். சிறிய எழுத்துகளைத் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள். நான்கு மை சேர்ந்த கறுப்பில் மை ஒன்று சற்றே விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

7. கோப்பு

கோப்பின் அளவு லேபிளின் அளவு அல்ல. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணி நிறத்தைக் கூடுதலாக நீட்டுங்கள். கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க இது. ஆக 24.8க்கு 9.6 சென்டிமீட்டர். எழுத்தும் மிருகமும் வெட்டும் கோட்டில் இருந்து 4 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

கிரிட்டாவில் வரைந்தால் அங்குலத்துக்கு 300 பிக்சல். இந்த அளவுக்கு 2929க்கு 1134 பிக்சல். சிறிதாக வரைந்து கடைசியில் பெரிதாக்கினால் யாளியின் பல் மழுங்கிப் போகும். அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுங்கள். வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும்.

8. வெள்ளைத்தாள் ஒத்திகை

இதைத் தாண்டிப் போகாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. தாண்டிப் போனவர் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் இந்த லேபிள் இரண்டு பிடிக்கும். சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் நூறு சதவீத அளவில் அச்செடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது சத்தமில்லாமல் மூன்று நான்கு சதவீதம் சுருக்கிவிடும். அச்சில் வந்த அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

வெட்டிப் பாட்டிலில் சுற்றி செலோடேப் போட்டு, சமையலறை மேடையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பெயர் முழுதாகத் தெரிகிறதா? பின்னால் ஆறு சேர்கிறதா? பிறகு இதைப் பார்க்காத ஒருவரிடம் பாட்டிலைக் கொடுத்து, எப்படிக் கலப்பது என்று கேளுங்கள். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பித் தேடினால் விவரம் தவறான இடத்தில் இருக்கிறது. எழுத்துப் பிழையும் தாளில்தான் கண்ணில் படும், திரையில் படாது.

9. எந்தத் தாளில் அச்சடிப்பது

நன்னாரிப் பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து வெளியே வந்ததும் வேர்க்கும். நம்மூர் வெயிலில் இரண்டு நிமிடத்தில் சொட்டும். வீட்டு இங்க்ஜெட்டில் சாதா ஸ்டிக்கர் தாளில் அச்சடித்தால் மை கரைந்து ஓடும். எங்கள் முதல் பாட்டிலில் மகரத்தின் வால் ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் போய்விட்டது.

லேசர் அச்சில் மை கரையாது, ஆனால் தாள் ஊறும். குரோமோ தாள் ஸ்டிக்கரில் அடித்து லேமினேஷன் போட்டால் விருந்துக்கு ஒரு நாள் தாங்கும். வாரக்கணக்கில் இருக்க வேண்டுமானால் வினைல் அல்லது பிபி ஸ்டிக்கர் கேளுங்கள், அது பிளாஸ்டிக். லேமினேஷன் பளபளப்பாக வேண்டாம், மேட் போதும். குழல்விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மறையாது, தேதிக் கட்டத்தில் மார்க்கரும் நன்றாகப் பிடிக்கும்.

டிஜிட்டல் அச்சகத்தில் 12க்கு 18 அங்குல ஷீட் கணக்கில்தான் காசு. இந்த லேபிள் ஒரு ஷீட்டில் சாதாரணமாக நாலு பிடிக்கும். 20 பாட்டிலுக்கு ஐந்து ஷீட், வீணாவதற்கு ஒன்று சேர்த்து ஆறு. முழுவதையும் அடிக்கச் சொல்லாமல் முதலில் ஒரே ஒரு ஷீட். அதை ஒட்டி, வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் முக்கி வைத்து, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். ஹாஃப் கட் வசதி இருந்தால் கேளுங்கள், ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் ஸ்கேலும் புது பிளேடும்.

10. ஒட்டுவது

பழைய பாட்டில் என்றால் சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துப் பழைய லேபிளை எடுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் உருண்டு வரும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புது லேபிள் ஒட்டாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பால் நன்றாகக் கழுவி, ஒட்டும் முன் சானிடைசரால் துடையுங்கள்.

பாகை ஊற்றி மூடிய பிறகுதான் லேபிள். முதலில் லேபிளை ஒட்டிவிட்டு ஊற்றினால் வழிகிற பாகு ஓரத்தில் புகுந்துகொள்ளும், அப்புறம் எறும்பு. ஊற்றி, மூடி, வெளிப்பக்கம் கழுவி, ஓர் இரவு காயவிடுங்கள். பாட்டில் சூடாகவும் இருக்கக் கூடாது, குளிர்ந்தும் இருக்கக் கூடாது.

அடியில் இருந்து ஒரே உயரத்தில் ரப்பர் பேண்டை மாட்டினால் அதுதான் உங்கள் கோடு. மடித்த துண்டின் மேல் பாட்டிலைப் படுக்க வைத்தால் உருளாது. லேபிளை ஒரு முனையில் இருந்து ஒட்டத் தொடங்காதீர்கள். தொடக்கத்தில் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் 24 சென்டிமீட்டர் போய்ச் சேரும்போது ஆறு ஒரு கரை ஏறிவிடும். அடித்தாளை நடுவில் மட்டும் 3 சென்டிமீட்டர் கிழித்து, பெயர் இருக்கும் இடத்தை முதலில் பதித்து, இரு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். காற்றுக்குமிழியைப் பருத்தித் துணியால் ஓரத்துக்கு ஓட்டலாம். மலை ஓரம் முதலில், கடல் ஓரம் அதன் மேல்.

ஒரு நாள் முழுவதும் வெளியே இருக்கட்டும். பசை கண்ணாடியைப் பிடிக்க அந்த நேரம் வேண்டும், உடனே குளிரில் வைத்தால் ஓரம் எழும்பும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மேல் ஓரம் மட்டும் பிரிந்தால் லேபிள் தோள் வளைவில் ஏறியிருக்கிறது, அடுத்த முறை உயரத்தைக் குறையுங்கள். பின்பக்கச் சேர்ப்பு பிரிந்தால் அந்த 6 மில்லிமீட்டரை 8 ஆக்குங்கள். எல்லா இடமும் பிரிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு.

11. விற்பதாக இருந்தால்

இதுவரை சொன்னது பரிசுக்கும் வீட்டுக்கும். விலை வைத்து விற்கத் தொடங்கினால் லேபிள் வேறு கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு செய்து அந்த எண்ணைப் போட வேண்டும். தயாரிப்பவர் பெயர், முகவரி, சேர்மானம், நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, சைவத்துக்கான பச்சைப் புள்ளிச் சின்னம் எல்லாம் வந்தாக வேண்டும். இவற்றுக்கு மட்டும் 8 சென்டிமீட்டர் அகலம் போய்விடும். அப்போது மலையையும் யாளியையும் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் படியில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.